பொக்கை வாய்க் கதிர்: சிவகிரி வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன்

போன தடவை காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரே வரிசையா 12 செடி வச்சேன். தண்ணி, உரம் எதிலும் குறை வைக்கல. ஆள் உயரம் வளர்ந்துச்சு. கதிரை உரிச்சுப் பார்த்தா அங்கொண்ணும் இங்கொண்ணுமா மணி, தாத்தாவோட பொக்கை வாய் மாதிரி. இருந்த மணியும் இனிக்கல. விதைதான் மோசம்னு நினைச்சேன். தேடிப் படிச்ச பிறகுதான், நட்ட விதத்திலும் நட்ட மாசத்திலும் தப்புன்னு புரிஞ்சது.

மக்காச்சோளத்தில் ஆண் பூ செடியின் உச்சியில், பெண் பூ இடுப்பில். கதிர் நுனியில் தொங்குகிற ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணிக்குப் போகிற வழி. ஒரு நூலில் மகரந்தம் ஒட்டலைன்னா அந்த ஒரு மணி உருவாகாது. இதைச் செய்வது பெரும்பாலும் காற்றுதான். தேனீயை நம்பிப் பயனில்லை. ஒரே வரிசையில் நட்டால் குறுக்கே அடிக்கிற காற்று மகரந்தத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போயிடும். அதனால் சதுரமா நடணும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ.ன்னு நாலு வரிசை, வரிசைக்கு அஞ்சு செடி. 8 அடிக்கு 4 அடி இடம் போதும். இதைவிடச் சின்ன இடம்னா நாமதான் காற்றோட வேலையைச் செய்யணும்: காலை வெயில் ஏறி பனி காய்ந்ததும் உச்சிப் பூவை ஒரு காகிதத்தின் மேல் தட்டி, விழுகிற மஞ்சள் தூளை நூல்கள் மேல் தூவணும். நாலஞ்சு நாள் செய்தால் நல்லது. கதிரின் அடிப்பக்கத்து நூல்கள் முதலில் வரும், நுனியில் இருப்பவை கடைசி. நுனி மட்டும் காலியா போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது இனிப்பு. பக்கத்து மரத்து மகரந்தம் நம்ம மாம்பழத்தின் ருசியை மாத்தாது. சோளத்தில் மாத்தும், ஏன்னா நாம தின்பதே விதையை. ஸ்வீட் கார்னின் இனிப்பு உண்மையில் ஒரு குறைபாடு: சர்க்கரையை மாவாக்குகிற மரபணு அதில் சரியா வேலை செய்யாது. கோழித் தீவன மக்காச்சோளத்தின் மகரந்தம் விழுந்தால், வேலை செய்கிற மரபணு உள்ளே வந்துடும். அந்த மணி அந்தப் பருவத்திலேயே மாவாயிடும்.

நம்ம பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. சங்கரன்கோவில், திருவேங்கடம் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைப்பாங்க. கார்த்திகை, மார்கழியில் பூக்கும். நானும் புரட்டாசியிலேயே போட்டிருந்தேன், தெருக்கோடியில் ஒரு மக்காச்சோளக் காடு இருப்பதை யோசிக்காம. இடைவெளி 250 மீட்டராவது வேணும். வீட்டில் அது நடக்காது. ஆனா காலத்தில் விலகலாம். தை பிறந்ததும் விதைச்சா பங்குனி வாக்கில் பூக்கும், அதுக்குள்ள காட்டில் அறுவடை முடிஞ்சிருக்கும். இதுக்கு விலை தண்ணி. நூல் வருகிற சமயத்தில் செடி ஒரு நாள்கூட வாடக்கூடாது. 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தமும் வீணாகும், அதனால மாசிக்கு விதைப்பைத் தள்ளிப் போடாதீங்க.

விதை சுருங்கிப் போன திராட்சை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். மாவு குறைவா இருப்பதால் முளைப்பு வலு கம்மி. குழிக்கு ரெண்டு விதை போட்டு, பிறகு ஒண்ணைக் கிள்ளி விடலாம். முழங்கால் உயரத்தில் ஒரு தடவை, உச்சிப் பூ எட்டிப் பார்க்கும்போது ஒரு தடவை எரு வைக்கணும்.

2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இப்ப வீட்டுத் தோட்டத்தையும் விடுவதில்லை. குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தா அதுதான். தலையில் தலைகீழ் ‘ஒய்’ அடையாளம் இருக்கும். இருபது செடிக்கு மருந்து எதுக்கு? காலையில் கையால் பொறுக்கி, குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணல் போட்டுட்டு வர்றேன்.

நூல் வெளியே வந்து ஏறக்குறைய 20 நாளில் அது பழுப்பாகக் காயும். மேல்தோலைக் கொஞ்சம் விலக்கி நகத்தால் ஒரு மணியைக் குத்துங்க. தண்ணியா வந்தா பொறுக்கணும், பால் வந்தா பறிக்கணும், பசையா வந்தா தாமதம். பறிச்ச நிமிஷத்திலிருந்து இனிப்பு குறைய ஆரம்பிக்கும். அடுப்பில் தண்ணி கொதிக்க வச்சுட்டுத் தோட்டத்துக்குப் போறதுதான் இப்ப எங்க வீட்டு வழக்கம்.