பதினொருவரில் யாருக்கு இடம்?

சிலாங்கூர் குழு ஆடி முடித்த மறுநாள் நம் மக்கள் பேசும் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையானாலும் சரி, கிள்ளான் பேருந்து நிலையமானாலும் சரி, தோட்டத்துப் பெரட்டுக் களமானாலும் சரி, கேள்வி ஒன்றுதான். "அவனை எதற்கு இறக்கினார்கள்? இவனை எதற்கு உட்கார வைத்தார்கள்?" தேநீர் ஆறிப் போகும், வாதம் ஆறாது.

இதை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. அதிகம் படிக்காதவரும் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குக் காரணம் காட்டிப் பழகும் இடம் இது. ஆனால் ஒன்று விட்டுப் போகிறது. இன்னாரைச் சேர்க்க வேண்டும் என்கிறோம். யாரை எடுப்பது, எடுத்தவர் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது என்று சொல்வதில்லை. காலைப் பெரட்டில் மண்டோர் ஆள் பிரித்து விடுவதை நாம் அறிவோம். ஓர் ஆளை வேறு வேலைக்கு அனுப்பினால், அவர் வெட்ட வேண்டிய மரங்கள் காத்துக்கொண்டுதானே நிற்கும்? திடலிலும் கணக்கு அதுதான்.

4-2-4, 4-3-3, 4-4-2 என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அது இந்தப் பிரிவினைதான். கோல் காவலரை விட்டுவிட்டு மற்றப் பத்துப் பேரைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 4-2-4 என்றால் தற்காப்பில் நால்வர், நடுவில் இருவர், தாக்குதலில் நால்வர். ஒரு காலத்தில் 2-3-5 என்று ஆடினார்கள். 1925இல் 'ஆஃப்சைடு' விதி தளர்த்தப்பட்டது. முன்னால் ஓடுகிறவருக்கு அது வசதியாயிற்று. எனவே நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்துத் தற்காப்பில் மூவரை நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் குழு இதில் பெயர் பெற்றது. பிரேசில் 1958இல் 4-2-4 அமைப்பில் உலகக் கிண்ணத்தை வென்றது. ஆனால் நடுத்திடலை இருவர் மட்டும் காப்பது எளிதா? அக்குழுவின் இடது ஓரத்தில் ஆடிய ஸகாலோ ஓயாமல் பின்னால் ஓடி வந்து கைகொடுத்தார். 1962இல் அதுவே 4-3-3 ஆயிற்று. இலக்கம் மாறுவதற்கு ஒருவருடைய கால்கள் உழைக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலுக்கு 1966 உலகக் கிண்ணத்தைச் சொல்லலாம். இங்கிலாந்தில் கோல் அடிப்பதற்கென்றே பெயர் போனவர் ஜிம்மி கிரீவ்ஸ். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் காலில் காயம் பட்டது. அடுத்த ஆட்டத்தில் அர்ஜெண்டினாவுக்கு எதிராக ஜெஃப் ஹர்ஸ்ட் இறங்கினார். அன்று விழுந்த ஒரே கோல் அவருடையது. இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் குணமாகிவிட்டார். யாரை ஆட வைப்பது? அன்று மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் கொடுக்கவில்லை. இன்று ஐவரை மாற்றலாம். அன்று போட்டது போட்டதுதான். பயிற்றுநர் ஆல்ப் ராம்சே, வென்ற குழுவைக் கலைக்காமல் ஹர்ஸ்டையே நிறுத்தினார். தோற்றிருந்தால் ஊரே அவரைத் தூற்றியிருக்கும். மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றார்கள். ஹர்ஸ்ட் மூன்று கோல் அடித்தார். கிரீவ்ஸ் வெளியே உட்கார்ந்து பார்த்தார். அவர் திறமை குறைந்துவிட்டதா? இல்லை. இடம் ஒன்று, ஆள் இருவர், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கு மலேசியா தகுதி பெற்றது. பின்னர் அப்போட்டியைப் புறக்கணித்த நாடுகளோடு மலேசியாவும் சேர்ந்துகொண்டதால் நம் குழு போகவில்லை என்பது வேறு கதை. கோல் முனையில் ஆர். ஆறுமுகம், அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங், முன்வரிசையில் சபாவிலிருந்து வந்த ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும். வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். நம் மாநிலத்து ஆள் வேண்டும், நம் இனத்து ஆள் வேண்டும் என்று வாதாடுகிற நாம், சபாக்காரர் கோல் அடித்தபோது கை தட்டினோம் அல்லவா?

நம்மவர் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அதில் குற்றமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் திடல்கள் வீட்டுமனைகளாகிவிட்ட பிறகு, நம் பிள்ளைகள் தேர்வாளர் கண்ணில் படும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. அதைப் பற்றி உரக்கக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது பயிற்றுநர் சனிக்கிழமை எழுதும் பதினொரு பெயரில் தீருகிற வழக்கு அன்று. பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பந்தும் திடலும் கிடைக்கிறதா என்ற இடத்தில் தொடங்குகிற வழக்கு.

அந்தப் பையன்கள் ஆட்டத்தையே பாருங்களேன். ஓட முடியாதவன், பருத்தவன், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியவன் எவனோ அவனைக் கோல் முனையில் நிறுத்துவது நம்மிடம் பழைய வழக்கம். ஆறுமுகம் அப்படியா நின்றார்? நீண்ட கைகளும் பாய்ச்சலும் கண்டு 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அவரை அழைத்தது. 1988 டிசம்பரில் கார் விபத்தில் அவர் இறந்தபோது எல்லா இனத்தவரும் அழுதார்கள். கோல் காவலரின் இடம் ஒன்றே ஒன்று. அங்கே தவறினால் பின்னால் வலைதான் உண்டு. ஆகவே இந்த வாரம் உங்கள் குடியிருப்பில் சிறுவர்கள் குழு பிரிக்கும்போது, முன்னால் யார் என்று கேட்பதற்கு முன், உயரப் பந்தைக் கண்டு கண்ணை மூடாத பையன் யார் என்று பார்த்து வையுங்கள்.