கணனி கற்கும் எம் பிள்ளைகளும் தொழில்சார் அறநெறியும்

பிள்ளைகளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் கனவு கண்ட எமது பெற்றோர், புலம்பெயர்ந்த நாடுகளில் அந்தப் பட்டியலிற் கணனித்துறையையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுகள் பல சென்றுவிட்டன. பிரித்தானியாவிற் கணனி விஞ்ஞானம் பயிலும் மாணவரின் பாடத்திட்டத்தைப் புரட்டினால், நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றோடு சட்டம், சமூகம், அறநெறி, தொழிற்பொறுப்பு என்பன பற்றிய பகுதியும் இருக்கக் காணலாம். பிரித்தானியக் கணனிச் சங்கத்தின் அங்கீகாரத்தை நாடும் பட்டப்படிப்பு எதுவும் அதனை விலக்கிவிட முடியாது. ஆயினும் மாணவர் பலர் அதனைப் புள்ளிக்காகப் படித்து மறக்கும் பாடமாகவே கருதுகின்றனர். வீட்டிலும் அதைப் பற்றிக் கேட்பார் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்துக் கோவையின் இலக்கமாக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து பழகிய நாமாவது அதைப் பற்றிக் கேட்க வேண்டாமா?

அவ்வகுப்புகளிற் பல்லாண்டு காலமாக எடுத்துக்கூறப்படும் கதை 'தெராக்-25' என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தினுடையது. கனடிய அணுசக்தி நிறுவனத்தின் தயாரிப்பான அது, 1985 க்கும் 1987 க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது மூவர் அதனால் இறந்தனர். முந்திய மாதிரியில் ஆபத்தைத் தடுக்கும் பொறிப்பூட்டுகள் இருந்தன. புதியதில் அவை அகற்றப்பட்டு, அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது. இயக்குபவர் தமது தட்டச்சுப் பிழையை 8 வினாடிகளுக்குள் விரைந்து திருத்தினால், மென்பொருள் அத்திருத்தத்தைக் கவனியாது விட்டது. திரையில் 'கோளாறு 54' என்று மட்டும் தோன்றும். ஒரு விசையை அழுத்தினாற் சிகிச்சை தொடரும். மிகை அளவு செலுத்துவது இந்த இயந்திரத்தால் இயலாத காரியம் என்றே நிறுவனம் பதிலளித்து வந்தது. ரெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகர வைத்தியசாலையின் பௌதிகவியலாளர், இயந்திரத்தை இயக்கியவரோடு அமர்ந்து அந்தக் கோளாற்றைத் தாமே மீண்டும் உண்டாக்கிக் காட்டிய பின்னரே உண்மை வெளிப்பட்டது.

இக்கதை பழையது, தூர நாட்டது என்று இங்குள்ள மாணவர் ஒதுக்கலாம். எமது தெருமுனைத் தபாலகத்தில் நடந்ததை அவ்வாறு ஒதுக்க இயலாது. புஜித்சு நிறுவனம் வழங்கிய 'ஹொறைசன்' என்ற கணக்கு முறைமை 1999 முதல் பிரித்தானியத் தபாலகங்களிற் புகுத்தப்பட்டது. கடையொன்றின் ஒரு பக்கத்திற் கருமபீடம் வைத்து நடத்திய உப தபாலதிபர்களின் கணக்கிற் பணம் குறைவதாக அது காட்டியது. குறைந்த தொகையைச் சொந்தப் பணத்தால் ஈடுசெய்யுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலருக்கு, "உங்களுக்கு மட்டுந்தான் இந்தப் பிரச்சினை" என்ற பதிலே கிடைத்தது. 2015 வரையில் 900 க்கும் அதிகமானோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் தென்னாசிய வம்சாவளியினரும் பலர். சிறை சென்றோர் உண்டு. வீட்டை இழந்தோர் உண்டு. 13 பேராவது இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என 2025 ஜூலையில் விசாரணைக்குழு தெரிவித்தது.

நீதிமன்றங்கள் ஏன் நம்பின? கணனிச் சான்றைச் சமர்ப்பிப்பவர் அக்கணனி ஒழுங்காக இயங்கியதெனக் காட்ட வேண்டும் என்றிருந்த விதியைப் பாராளுமன்றம் 1999 இல் நீக்கியிருந்தது. பிழை உண்டென்று காட்டும் சுமை, முறைமையின் உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியற்ற கடைக்காரரின் தலையில் விழுந்தது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மென்பொருளின் வழுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. எஞ்சியோரிற் பெரும்பாலானோரை விடுவிக்க 2024 இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

எமது நோக்கில், இதைவிடச் சிறந்த பாடநூல் கணனி மாணவருக்கு வாய்க்காது. முறைமை நாடெங்கும் செல்லுமுன், 1998 இலேயே, உள்ளிருந்தோர் அதன் நிரலை ஆராய்ந்து அறிக்கை எழுதியிருந்தனர். ஓர் எண்ணின் குறியை மாற்ற, அதனை இரண்டாற் பெருக்கி அதிலிருந்தே கழிக்கும் வரிகளை அவர்கள் அதிற் கண்டனர். முதலாம் ஆண்டு மாணவரும் இதைக் கண்டு சிரிப்பார். சிரித்து முடிந்ததும் விரிவுரையாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அப்பகுதியை மீள எழுதும்படி நீங்கள் பரிந்துரைத்தீர்கள், மேலிடம் மறுத்துவிட்டது; மறுநாட் காலையில் என்ன செய்வீர்கள்? முறைமை நம்பகமானது என்று நீதிமன்றத்திற் சாட்சிக்கூற்று ஒன்றில் ஒப்பமிடும்படி கேட்டால், ஒரு பக்கத்தில் உங்கள் பதிலை எழுதுக. நெறிக்கோவையின் பிரிவுகளை மனனம் செய்து இதற்கு விடை எழுத முடியாது. ஹாவாட் பல்கலைக்கழகம் 2017 முதல் மெய்யியலாளரைக் கணனிப் பாடங்களின் உள்ளேயே கொண்டுவந்து இத்தகைய கேள்விகளைத் தொழில்நுட்பத்தோடு பிணைத்துக் கற்பிக்கத் தொடங்கியது. கடைசி ஆண்டில் ஒட்டவைக்கும் பத்து விரிவுரைகளை விட இதுவே பயன்தரும் என்பது எமது கருத்து.

எம் போன்றோரின் கோவைகளையும் இன்று நிரல்கள் தொடுகின்றன. விசா விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்த பிரித்தானிய உள்துறை அமைச்சின் முறைமை, விண்ணப்பதாரரின் நாட்டையும் கணக்கில் எடுத்தது. வழக்குத் தொடுக்கப்பட்டதும் 2020 ஆகஸ்டில் அமைச்சு அதனைக் கைவிட்டது. 2014 இல் ஆங்கிலத் தேர்வு மோசடி வெளிப்பட்டபோது, குரலறி மென்பொருளின் துணையுடன் 58,000 அளவிலான தேர்வுகளில் 97 வீதம் செல்லாதவை அல்லது ஐயத்துக்குரியவை எனப்பட்டன. நாடு கடத்தப்பட்டோர் ஒருபுறமிருக்க, மேன்முறையீட்டில் வென்றோர் ஆயிரக்கணக்கினர். பட்டியல் ஒன்று தவறான கையிற் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1983 ஆடியிற் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. அவை கணனி பார்த்துத் தந்தவை அல்ல. யாரோ எழுதுவினைஞர்கள் கடமைக்கெனத் தொகுத்தவை.

இங்கே சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதே, வேலையைக் காப்பாற்று என்று சொல்லியே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். வந்த வழியை நினைத்தால் அந்த அச்சத்திற் குறை காண முடியாது. வேலை வழங்குநரின் அனுசரணையில் விசா பெற்ற இளைஞருக்கு வேலை போனால், வேறொருவரைத் தேட வழமையாக 60 நாட்களே கிடைக்கும். அவரிடம் போய் மனச்சாட்சி பற்றி விரிவுரை செய்தாற் போதாது. பொதுநலனுக்காகத் தவறுகளை வெளிப்படுத்தும் தொழிலாளரைப் பாதுகாக்க 1998 இல் இயற்றப்பட்ட சட்டம், குடியுரிமை இல்லாத தொழிலாளருக்கும் உரியது. ஆனால் அது விசாவைக் காப்பாற்றாது. எந்த முறைப்பாடு அதன் பாதுகாப்பினுள் அடங்கும், அதனை முதலில் யாரிடம், எவ்வாறு எழுத்தில் கொடுப்பது, தேதியிட்ட பிரதியை எப்படி வைத்துக்கொள்வது, தொழிற்சங்கத்தில் எப்போது சேர்வது என்பவற்றையும் அதே வகுப்பிற் கற்பிக்கலாம். அடுத்த முறை பல்கலைக்கழகங்களின் பார்வை நாளுக்குப் பிள்ளையுடன் செல்லும் பெற்றோர், வேலைவாய்ப்பு வீதத்தை விசாரித்த கையோடு, இதனை யார் கற்பிக்கிறார் என்றும் விசாரிக்கலாம்.