வாடகைக் காரில் ஒரு கீறல்... பில் எவ்வளவு வரும் தெரியுமா?

வெளிநாட்டில் வாடகைக்குக் கார் எடுக்கிறீர்கள். “இன்ஷூரன்ஸ் எல்லாம் வாடகையிலேயே சேர்த்திதான்” என்கிறார் கவுண்டரில் இருப்பவர். நிம்மதியாகச் சாவியை வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தக் காப்பு முதல் பைசாவிலிருந்து செலவை ஏற்காது என்பது தெரியுமா? பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சேதச் செலவில் முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுண்ட் வரை வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும். பெரிய கார் என்றால் இன்னும் கூடும். இந்தத் தொகைக்கு ‘எக்ஸஸ்’ என்று பெயர். எக்ஸஸ் 1,000 பவுண்ட், பம்பர் கீறலைச் சரிசெய்ய 600 பவுண்ட் என்றால் அந்த 600-ம் நீங்கள் கட்ட வேண்டியது. கார் முழுசாக நொறுங்கினாலோ, 1,000 பவுண்டோடு உங்கள் பொறுப்பு முடிந்தது! பெரிய விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு, சின்ன உரசலுக்குத்தான் கிடையாது.

இந்த எக்ஸஸைத் திரும்பத் தருவதற்கென்றே தனி பாலிசிகள் விற்கின்றன. அதை எடுக்காமல் கிளம்பி, வழியில் காரும் அடிபட்டுவிட்டால் அவ்வளவுதானா? இல்லவே இல்லை! கையில் நீட்டப்படும் முதல் பில் நிறுவனத்தின் கோரிக்கை மட்டுமே. அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விவரம் தெரியாமல் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் ஏராளம். அதனால்தான் இத்தனை செய்திகளையும் திரட்டித் தருகிறேன்.

நாம் இன்ஷூரன்ஸ் என்று நம்பும் ‘சி.டி.டபிள்யூ.’ (கொலிஷன் டேமேஜ் வேவர்) பல இடங்களில் இன்ஷூரன்ஸே கிடையாது, தெரியுமா? ‘இவ்வளவுக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம்’ என்று வாடகை நிறுவனம் எழுதிக்கொடுக்கும் வாக்குறுதி அது. நிபந்தனையை மீறினால் வாக்குறுதியும் போச்சு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத மைத்துனர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார், அப்போது இடித்தது என்றால் எக்ஸஸ் என்ற உச்சவரம்பே பறந்துவிடும். முழுச் செலவும் உங்களுடையது.

இன்னொரு அதிர்ச்சி. டயர், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பாகம், சாவி ஆகியவை பல ஒப்பந்தங்களில் காப்புக்கே வெளியே நிற்கின்றன. கல் தெறிப்பது கண்ணாடியில், பள்ளத்தில் இடிபடுவது டயரும் அடிப்பாகமும். எது எளிதில் அடிபடுமோ அதற்குத்தான் காப்பு இல்லை. ஒப்பந்தத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

காற்று காரின் கதவை முறித்துப்போடுமா? ஐஸ்லாந்தில் போடும்! அங்கே காரை நிறுத்திக் கதவை லேசாகத் திறந்தாலே போதும். பின்னாலிருந்து வீசும் காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கமாக வீசும். கீல் வளையும், கதவின் விளிம்பு முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் மோதி அதை மடக்கும், அப்புறம் கதவு மூடவே மூடாது. ஒரு நொடி வேலை! சாதாரணக் காப்பு பெரும்பாலும் இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. அதனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பாடம் இது: காரின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறங்கள், இரண்டு பக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

அதே நாட்டில் மணலுக்கும் சாம்பலுக்கும் தனிக் காப்பு விற்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? 2010-ல் ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் தரையில் உட்கார வைத்த எரிமலை நினைவிருக்கும். அது இருப்பது ஐஸ்லாந்தின் தெற்கில். அந்தக் கரையோரம் முழுக்கக் கறுப்பு மணல்வெளிகள். எரிமலைச் சாம்பல் என்பது நுணுக்கிய கண்ணாடித் துகள். புயற்காற்றில் அது பறந்துவந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தமாதிரி பெயின்ட் உரிந்துவிடும், கண்ணாடி மங்கிவிடும். காரின் ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டால் பில்லை யோசித்துப் பாருங்கள்!

ஐஸ்லாந்தின் உட்பகுதி மலைகளில், எண் ‘எஃப்’ என்ற எழுத்தில் தொடங்கும் சாலைகள் உண்டு. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மட்டுமே அனுமதி. வழியில் பாலமே இல்லாத ஆறுகள் குறுக்கிடும். ஆற்றுக்குள் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் அவ்வளவுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆற்று நீர் சேதத்தை அங்கே பெரும்பாலும் எந்தக் காப்பும் ஏற்பதில்லை. வாசகர்களே, இதில் துணிச்சல் வேண்டாம்.

காரின் முன்கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் நிற்கிறதே, அதைக் கண்டுபிடித்தது கை தவறி விழுந்த ஒரு குடுவை என்று தெரியுமா? 1903-ல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை விழுந்தது. விரிசல் விட்டதே தவிர துண்டு துண்டாகச் சிதறவில்லை. உள்ளே காய்ந்துபோயிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது! 1909-ல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய முன்கண்ணாடியும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம்தான். சின்னக் கல் தெறித்தால் பெரும்பாலும் வெளிக்கண்ணாடியில் மட்டும் பள்ளம் விழும். அதில் பிசின் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். கண்ணாடியையே மாற்றுவதைவிடச் செலவு மிகவும் குறைவு. பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனையே ஓட்டுநரின் பார்வைக்கு நேரான பகுதியில் 10 மில்லிமீட்டர் வரையிலும், வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 மில்லிமீட்டர் வரையிலும் சேதத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே கடுகளவு புள்ளிக்கு முழுக் கண்ணாடியின் விலையைக் கேட்டால், “பிசின் ஏற்றினால் போதாதா?” என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் நீங்களாகக் கடைக்கு ஓடாதீர்கள், நிறுவனத்திடம் சொல்லி அனுமதி வாங்காமல் பழுதுபார்ப்பது பல ஒப்பந்தங்களில் விதிமீறல். இன்னொன்று, புதுக் கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும். கண்ணாடியை மாற்றினால் அதையும் மறுபடி அளந்து பொருத்த வேண்டும். பில் எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எரிபொருள் மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் காப்பு கிடையாது! பிரிட்டனில் பச்சைக் குழாய் பெட்ரோல், அமெரிக்காவின் பல பெட்ரோல் பங்க்குகளில் பச்சைக் குழாய் டீசல். எத்தனை குழப்பம்! 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், எரிவாயுவுக்குச் சாய்சதுரம் என்று குறி வைத்துவிட்டார்கள். தவறாகப் போட்டுவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். டேங்கைக் காலி செய்வதோடு முடியலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். காரைத் திருப்பி ஒப்படைக்கும் நேரம். ஊழியர் குனிந்து சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவுகிறார். பாக்கெட்டிலிருந்து வட்டம் போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் கீறல்மேல் வைக்கிறார். இப்படி ஒரு அளவுகோல் இருக்கிறது என்பது தெரியுமா? கீறல் அந்த வட்டத்துக்குள் அடங்கினால் சில நிறுவனங்கள் அதைச் சேதமாகவே கணக்கில் எடுப்பதில்லை! நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். “உங்கள் அளவுகோல் என்ன, எங்கே எழுதியிருக்கிறது?” என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், சேதத்தைப் பார்த்ததற்கா, பொறுப்பை ஏற்றதற்கா என்று படித்துப் பாருங்கள். ஒப்புதல் இல்லை என்றால், ‘இதை நான் ஏற்கவில்லை’ என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

பில்லில் பழுதுச் செலவு மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தீர்களா? கார் ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கான வாடகை ஒரு வரி. கோப்பு பார்த்த கட்டணம் இன்னொரு வரி. பழுதுச் செலவேகூட ஒர்க்‌ஷாப் ரசீதாக இல்லாமல், ‘கதவுக் கீறல் என்றால் இவ்வளவு’ என்று முன்கூட்டியே போட்டு வைத்த விலைப்பட்டியலிலிருந்து வந்திருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேளுங்கள். காரை எடுத்தபோது குறித்த சேதத் தாள், திருப்பியபோது எடுத்த தேதியிட்ட படம், ஒர்க்‌ஷாப் ரசீது, எத்தனை நாள் நின்றது என்ற கணக்கு. டயர் பாதி தேய்ந்திருந்தால் புது டயரின் முழு விலை எதற்கு என்றும் கேட்கலாம். இதையெல்லாம் கேட்பது சண்டை இல்லை. 2015-ல் ஏவிஸ், என்டர்பிரைஸ், யூரோப்கார், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்களும் ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த உறுதிமொழியிலேயே இது இருக்கிறது: பணத்தை எடுப்பதற்கு முன்னால் சேதத்துக்கான காரணத்தையும் ஆதாரத்தையும் காட்ட வேண்டும், வாடிக்கையாளர் மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும்! பிரிட்டனில் வாடகை நிறுவனங்களின் சங்கமான பி.வி.ஆர்.எல்.ஏ. தன் உறுப்பினர்கள்மீது வரும் புகார்களுக்குச் சமரசம் செய்துவைக்கிறது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும்.

உங்கள் போன் படமே உங்கள் சாட்சி. எடுத்த தேதி, நேரம், பல சமயம் இடம்கூட அந்தக் கோப்புக்குள் பதிந்திருக்கும். ஆனால் அதே படத்தை வழக்கம்போல வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அந்த விவரங்கள் கழன்றுவிடும், தெரியுமா? மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள், மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புங்கள். எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் சக்கரங்களும் கூரையும் கண்ணாடியும் கிலோமீட்டர் எண்ணும் விடாமல் எடுங்கள். விடியற்காலை விமானத்துக்காகச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடுகிறீர்களா? அலுவலகம் திறந்து அவர்கள் பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அந்த நேரத்து வீடியோதான் உங்களுக்கு ஒரே துணை.

இன்னொரு கார் வந்து மோதினால்? ஐரோப்பாவில் இதற்கென்றே ஓர் அற்புதமான படிவம் இருக்கிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஸ்பானிஷிலும் அச்சடித்திருந்தாலும் கட்டங்களின் எண்ணும் இடமும் ஒன்றே! மொழி தெரியாத இருவர் சாலையோரம் நின்று, ஒருவர் தமக்குத் தெரிந்த மொழிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிரப்பிவிடலாம். 12-ம் கட்டத்தில் ‘நின்றிருந்தேன்’, ‘பின்னோக்கி வந்தேன்’ என்பதுபோல 17 சூழ்நிலைகள். பொருந்துவதை டிக் செய்ய வேண்டியதுதான். அழுத்தி எழுதினால் அடியில் நகல் விழும், ஆளுக்கு ஒன்று. கையெழுத்துப் போட்டால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கிறது. எதிராளிமேல் தவறு என்று முடிவானால் அவருடைய இன்ஷூரன்ஸ் செலவை ஏற்கும், நீங்கள் கட்டிய எக்ஸஸைத் திரும்பக் கேட்க இந்தத் தாள்தான் ஆயுதம். பெரும்பாலும் டேஷ்போர்டு அறையில் இருக்கும், கிளம்புமுன் இருக்கிறதா என்று பாருங்கள். நியூசிலாந்தில் நிலைமையே வேறு. அங்கே மூன்றாம் தரப்பு வாகன இன்ஷூரன்ஸ் கட்டாயமே இல்லை! மோதியவரிடம் இன்ஷூரன்ஸே இல்லாமல் போகலாம்.

எக்ஸஸ் பாலிசி எடுக்கவில்லை என்று வருந்துகிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கலாம்! சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கும் பல பயண இன்ஷூரன்ஸ்களில் வாடகைக் கார் எக்ஸஸ் ஒரு பிரிவாகவே வரும். சிங்கப்பூர்த் தமிழர்கள் பாலிசித் தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் சில கிரெடிட் கார்டுகள், அந்தக் கார்டில் வாடகை கட்டி, நிறுவனத்தின் சி.டி.டபிள்யூ.வை வேண்டாம் என்று மறுத்தால் காரின் சேதத்துக்குக் காப்புத் தருகின்றன. எல்லாவற்றிலும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு ரசீது காட்டித் திரும்பப் பெறுவதுதான் பெரும்பாலும் வழக்கம்.

நம்மூர் செல்ஃப் டிரைவ் காரை நம்பர் பிளேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், தெரியுமா? கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து! இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வழிவிட்டது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ம் பிரிவு. பிரிட்டனிலும் ஒரு 75-ம் பிரிவு வாடகைக்குக் கார் எடுப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது, எப்பேர்ப்பட்ட ஒற்றுமை! அங்கே அது 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம். கிரெடிட் கார்டில் வாங்கிய 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையிலான சேவையில் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால், கார்டு தந்த வங்கியும் பொறுப்பு. வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தாலும் இது செல்லும் என்று 2007-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பிரிட்டனில் வாங்கிய கார்டு வைத்திருக்கும் தமிழர்கள், இடைத்தரகர் இல்லாமல் நிறுவனத்திடமே நேரடியாக முன்பதிவு செய்திருந்து, ஆதாரமில்லாமல் பணத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றால் வங்கிக்கே எழுதலாம். ஒப்பந்தம், சேதத் தாள், இரண்டு முறை எடுத்த படங்கள், நிறுவனத்துக்கு அனுப்பிய புகார், அவர்கள் தந்த பதில், இந்த ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள்.