ஜனவரியில் பார்க்க வேண்டிய ஊர்

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது ப்ரூம். சுற்றுலாப் படங்களில் இந்த ஊரைப் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பவை 22 கிலோமீட்டர் நீளும் கேபிள் பீச், மாலை வெயிலில் வரிசைகட்டி நடக்கும் ஒட்டகங்கள், செக்கச்சிவந்த மண், பச்சைப் பசேலென்ற கடல். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் எடுத்த படங்கள். குடும்பத்தோடு குடியேறப் போகிறவர்கள் விசாரிக்க வேண்டியது மீதி ஆறு மாதங்களைப் பற்றி.

நம்மவர்கள் இதை விசாரிக்கக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவில் முதல் பத்து ஆண்டுகள் பொதுவாக ஆள் பற்றாக்குறை உள்ள பகுதிகளில்தான் அரசு காப்பீட்டின் கீழ் நோயாளிகளைப் பார்க்க முடியும். ஊர் எவ்வளவு தொலைவோ, அந்தப் பத்து ஆண்டு அவ்வளவு குறையும். 2019 நவம்பரில் வந்த 491 விசா, வட்டாரப் பகுதியில் மூன்று ஆண்டு வாழ்ந்து உழைத்தவர்களுக்கு நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. பெர்த் நகரமே இந்த விசாவுக்கு வட்டாரப் பகுதிதான் என்பதால் யாரும் ப்ரூமுக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் செவிலியர், ஆசிரியர், முதியோர் பராமரிப்பாளர், பொறியாளர் வேலைகளுக்கு அங்கே ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு செவிலியருக்கு வேலைக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர், இரண்டு பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தூரம். பெர்த்திலிருந்து ப்ரூமுக்குச் சாலை வழியாகச் சுமார் 2,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரம். தெற்கே அடுத்த பெரிய ஊரான போர்ட் ஹெட்லண்ட் 600 கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் சாண்ட்ஃபயர், பார்டூ என்று பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழித்தங்கல்கள்தான். ப்ரூமின் மக்கள்தொகை சுமார் 15,000. இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு. காய்கறியும் பாலும் பெரும்பாலும் தெற்கிலிருந்து லாரியில் வருகின்றன. சாலையில் வெள்ளம் வந்தால் லாரி நிற்கும், அலமாரி காலியாகும். 2023 ஜனவரியில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற ஊரில் ஆற்றுப் பாலத்தை வெள்ளம் உடைத்தபோது, ப்ரூம் இருக்கும் கிம்பர்லி வட்டாரத்தின் கிழக்குக் கோடியில் உள்ள கனனாராவுக்குப் பெர்த்திலிருந்து போக வேண்டிய சரக்கு தெற்கு ஆஸ்திரேலியா, வட பிரதேசம் வழியாக நாட்டையே சுற்றிக்கொண்டு போனது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் புதுப் பாலம் திறந்தார்கள். அதனால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு மாதத்துக்காவது கையிருப்பு வைத்திருப்பது அங்கே சாதாரண வீட்டு நிர்வாகம்.

இனி பருவம். அக்டோபரிலேயே புழுக்கம் ஏறத் தொடங்கிவிடும். வானம் கறுக்கும், இடி இடிக்கும், மழை வராது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வந்தால் கொட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். முற்றத்தில் கிடக்கும் நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள், குப்பைத் தொட்டி எதையும் காற்றில் பறக்க விடாமல் கட்டி வைக்க வேண்டும்; குடிநீர், டார்ச், மருந்து, உலர் உணவு தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். அதே மாதங்களில் கடலில் கொட்டும் ஜெல்லி மீன்கள் வரும். அவற்றில் இருகாஞ்சி என்பது விரல் நகத்தளவுதான், பட்டால் ஆஸ்பத்திரிதான். எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் கடலில், வெக்கை உச்சத்தில் இருக்கும்போது கால் நனைக்க முடியாது. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது லேசில்லை. சுற்றுலாப் பயணிகள் போய்விடுவார்கள், பல உணவகங்கள் மூடிவிடும் அல்லது நேரத்தைக் குறைக்கும், ஊர் அடங்கிவிடும். வந்தவர்களில் பலர் மனம் தளர்ந்து மூட்டை கட்டுவது இந்த மாதங்களில்தான்.

ஆனால் ஊர்க்காரர்களோடு நெருங்க வாய்ப்பதும் இந்த மாதங்களில்தான். ஜூலையில் பரபரப்பாக ஓடும் கடைக்காரர் பிப்ரவரியில் நின்று பேசுவார். மண்ணின் மூத்த குடிகளான யாவுரு மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். மழைக்கு மன்-கலா, குளிருக்குப் பர்கனா, மழைக்கு முந்திய புழுக்கத்துக்கு லாஜா. எந்தப் பருவத்தில் எந்த மீன் கொழுத்திருக்கும், எந்தக் காய் பழுக்கும் என்பதெல்லாம் இதில் அடக்கம். ஈரம், வறட்சி என்ற இரண்டே பிரிவை வைத்துக்கொண்டு அங்கே நாள் தள்ளுகிறவர்கள், தாங்கள் எந்த மாதத்தில் இருக்கிறோம் என்றுகூடச் சரியாக அறியாதவர்கள் என்பேன். யாவுரு மொழியை ஊர்ப் பள்ளிகளில் கற்றுத்தருகிறார்கள். பிள்ளைகள் அதில் நாலு வார்த்தை பேசினால் பெற்றோர் ஊக்கப்படுத்த வேண்டும்.

அடுத்தது ஓதம். நம் கரைகளில் கடல் ஏறி இறங்குவதை மீனவர் தவிர மற்றவர்கள் கவனிப்பது குறைவு. சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ப்ரூமில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் 9 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். காலையில் ஊரை ஒட்டிய ரோபக் விரிகுடாவின் கரையில் அலை மோதும். பிற்பகலில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறு, அதில் நண்டுகளின் துளைகள், சைபீரியா வரை பறந்து போய்வரும் கரைப்பறவைகள், ஓரத்தில் சதுப்புமரங்களின் வேர்கள். கேபிள் பீச்சில் பாறைகளைத் தாண்டி வண்டியை ஓட்டிப் போனவர்கள், நேரம் பார்க்காவிட்டால், திரும்பும் வழியில் கடல் நிற்பதைப் பார்ப்பார்கள். உப்புநீரில் போன வண்டி அதோடு சரி. அதனால்தான் ஓத அட்டவணை அங்கே வீட்டுக்கு வீடு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மீன்பிடிப்பு, படகு இறக்குவது, குழந்தைகளோடு நடை, எல்லாம் அதைப் பார்த்துத்தான். கடிக்கும் சிறு பூச்சிகளின் தொல்லைகூடப் பெரிய ஓத நாட்களை ஒட்டியே ஏறும். மார்ச் முதல் அக்டோபர் வரை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றிய இரவுகளில், எழும் நிலவின் ஒளி சேற்றுமேட்டு வரிகளில் விழுந்து படிக்கட்டு போலத் தெரியும். அந்த இரவுகளில் டவுன் பீச்சில் சந்தை கூடும். புதிதாக வந்த குடும்பத்துக்கு அறிமுகம் கிடைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மிகத் தாழ்ந்த ஓதத்தில் இன்னொன்றும் வெளியே தெரியும். 1942 மார்ச் 3 காலையில் ஜப்பானியப் போர் விமானங்கள் ரோபக் விரிகுடாவில் நின்ற பறக்கும் படகுகளை, அதாவது நீரில் இறங்கும் விமானங்களை, சுட்டு எரித்தன. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் அவற்றில் இருந்தன. இறந்தவர்கள் குறைந்தது 88 பேர். அந்தச் சிதைவுகள் இன்றும் சேற்றில் கிடக்கின்றன.

குடியேறுகிறவர்கள் ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்வது கட்டாயம் என்று நினைக்கிறேன், ஏனெனில் ப்ரூம் ஒப்பந்தத்தில் வந்தவர்களின் உழைப்பில் வளர்ந்த ஊர். 1880களில் முத்துச்சிப்பிக்காக உருவானது. அதற்கு முன்பே பழங்குடிப் பெண்களையும் ஆண்களையும் பிடித்து வந்து, கர்ப்பிணிகளைக்கூட, வெறும் மூச்சில் மூழ்க வைத்தார்கள். அந்தக் கொடுமையின் நினைவாக ஊரில் ஒரு சிலை இருக்கிறது. பார்க்காமல் போகக் கூடாது. பிறகு ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், சீனர் வந்தார்கள். முத்தின் மேல்தோலை உரித்துப் பொலிவூட்டும் கலையில் பெயர்பெற்ற டி.பி. எல்லிஸ் இலங்கைக்காரர். 1901இல் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நாடெங்கும் ஆசியர்களுக்குக் கதவடைத்தபோது, முத்துத் தொழிலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். உழைக்கலாம், ஒப்பந்தம் முடிந்தால் போய்விட வேண்டும். ஊரின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் 900க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். பலர் மூழ்கு நோயிலும் புயலிலும் மாண்டவர்கள். 1916இல் தொடங்கிய சன் பிக்சர்ஸ் திறந்தவெளித் திரையரங்கம் இன்றும் ஓடுகிறது. ஒரு காலத்தில் அங்கே இருக்கைகள் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. இத்தனைக்கும் நடுவில் ஆசியர்களும் பழங்குடியினரும் மணந்து வாழ்ந்தார்கள். ‘பிரான் நியூ டே’ இசை நாடகத்தை எழுதிய ஜிம்மி சீயின் குடும்பத்தில் சீன, ஜப்பானிய, ஸ்காட்டிஷ், பார்டி பழங்குடி இரத்தம் கலந்திருந்தது. இன்று விசாவோடு வருகிறவருக்கு அன்றைய முத்துக்குளிப்பவருக்கு இல்லாத உரிமைகள் இருக்கின்றன. அந்த வேறுபாட்டை உணர்ந்து வாழ வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். பெரிய சிக்கல் வீடு. அரசு வேலையென்றால் பெரும்பாலும் அரசு குடியிருப்பு கிடைக்க வழியுண்டு. தனியார் வாடகை அதிகம், காலி வீடு அரிது. குழந்தைகள் காப்பகத்திலும் இடம் எளிதில் கிடைக்காது. அதனால் வேலைக்கு வந்தவர் வேலைக்குப் போக, உடன் வந்தவர் நான்கு சுவருக்குள் அடைபட்டுப் போகிறார். குடும்பம் ஊன்றுவதும் ஊன்றாததும் அந்த இரண்டாவது ஆளைப் பொறுத்தது. ஊரில் நல்ல மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான பிரசவம், இதய நோய் என்றால் பெர்த்துக்குத்தான் போக வேண்டும், அவசரமானால் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானத்தில். போக்குவரத்துச் செலவுக்கு அரசு உதவித் திட்டம் இருக்கிறது. வட்டார வாசிகளின் விமானக் கட்டணத்துக்கு 2022 முதல் உச்சவரம்பும் உண்டு.

வேப்ப மரம் கிம்பர்லியில் தாராளமாக வளர்ந்திருப்பதைப் பார்த்து மனம் குளிரும். ஆனால் அங்கே அது களை. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, ஓடைக்கரையில் மண்ணின் மரங்களை அது நெருக்குகிறது. தன்னார்வலர்கள் தேடித் தேடி அகற்றுகிறார்கள். நம் வீட்டு முற்றத்து நினைவில் ஒரு கன்று வைத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் கப்பிஞ்சு என்ற அந்த மண்ணின் மரத்தை வைக்கலாம். நம் கடுக்காய், தான்றி, மருதம் ஆகியவற்றின் பேரினத்தையே சேர்ந்தது அது. அதன் பழத்தில் வைட்டமின் சி மிக அதிகம்.

வேலைக் கடிதம் வந்திருந்தால் வீட்டுக்கு உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காப்பகத்தில் இடத்துக்கு இன்றே பெயர் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் பணத்தைச் சம்பளத்தில் தனியாக எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். முடிந்தால் ஜூலையில் போகாதீர்கள், ஜனவரியில் போங்கள். பள்ளி ஆண்டு பிப்ரவரியை ஒட்டித்தான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கும் அதுதான் வசதி.