ட்ரெய்லர் இழுக்க டீசல் வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன் கவனியுங்கள்

கல்யாண மண்டபத்துக்கு மணவறை ஏற்றிப் போகிறவர், சமையல் ஒப்பந்தம் எடுத்துப் பாத்திரங்களோடு ஊர் ஊராகப் போகிறவர், மரக்கறி மொத்த வியாபாரத்தில் இறங்கியவர் என்று ஜேர்மனியில் நம்மவர்கள் பலர் பழைய டீசல் வானோ பிக்கப்போ தேடுகிறார்கள். பின்னால் ஒரு ட்ரெய்லரை மாட்டி இழுக்க வேண்டும் என்பதே தேவை. ஸ்பிரிண்டர், ட்ரான்ஸ்போர்ட்டர், அமரோக், ரேஞ்சர் என்று விளம்பரங்களைப் பார்க்கும்போது விலையும் ஓடிய கிலோமீட்டரும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் யாரிடம் வாங்குகிறோம், எந்தத் தகுதியில் கையெழுத்திடுகிறோம் என்பதுதான், பிறகு வரும் பழுதுக்கு யார் பணம் கட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

ஜேர்மன் சிவில் சட்டப்படி, ஒரு வணிகர் நுகர்வோருக்கு வாகனம் விற்றால், ஒப்படைத்த நாளில் அதில் இருந்த குறைக்கு அவர் 2 ஆண்டுகள் பொறுப்பு. பழைய வாகனத்துக்கு இதை 1 ஆண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஜனவரி 1 முதல், அந்தக் குறைப்பைக் கையெழுத்துக்கு முன்பே தனியாகச் சொல்லவும் ஒப்பந்தத்தில் தனியாகக் காட்டவும் வேண்டும். பொது நிபந்தனைகளின் பொடி எழுத்துக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது. அதே நாளிலிருந்து இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. முதல் 1 ஆண்டுக்குள் குறை தெரிந்தால், அது விற்றபோதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். முன்பு இந்தக் காலம் 6 மாதம்தான். இயல்பான தேய்மானம் மட்டும் இதில் சேராது. 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வானின் கிளட்ச் தேய்ந்திருந்தால் அதற்கு விற்றவரைப் பிடிக்க முடியாது.

இந்தப் பாதுகாப்பை நம்மவர்கள் இழக்கும் இடம் ஒன்று உண்டு. "உங்களுக்குச் சிறு தொழில் இருக்கிறதுதானே, தொழில்முறை வாங்குநர் என்று போட்டால் விலையைக் குறைக்கிறேன்" என்று விற்பவர் சொல்வார். ஒப்பந்தத்தில் அந்தப் பெட்டியில் குறியிட்ட கணமே நீங்கள் நுகர்வோர் இல்லை. வணிகர் வணிகருக்கு விற்கும்போது பொறுப்பை முழுவதுமாக விலக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பொய்யாகத் தொழில்முறை என்று சொல்லி வாங்கியவர் பிறகு நுகர்வோர் உரிமை கேட்க முடியாது என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரிலேயே தீர்ப்பளித்தது. வாகனம் பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் என்றால் உங்களுக்குத் தொழில் இருந்தாலும் நீங்கள் நுகர்வோரே. அந்த உரிமையைச் சில நூறு யூரோவுக்கு விற்றுவிடாதீர்கள். உண்மையிலேயே கடைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பொறுப்பு விலக்கு எதுவரை போகிறது என்பதைப் பேசி, எழுத்தில் வாங்குங்கள்.

தனியாரிடம் வாங்கும்போது நிலைமை இன்னும் கடினம். "பார்த்தபடி வாங்கப்பட்டது, பொறுப்பு இல்லை" என்று அவர் எழுதினால் அது பொதுவாகச் செல்லும். தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் அவர் தப்ப முடியாது, ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தன்மையை உறுதியாக எழுதிவிட்டால், பொறுப்பு விலக்கு அந்த உறுதியை அழிக்காது. ஓடிய தூரம், விபத்து இல்லாமை, பிரேக் உள்ள ட்ரெய்லரை இழுக்கும் எடை ஆகிய மூன்றையும் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்புவது ஜேர்மனியில் 1 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆகவே ஓடிய தூரத்தை எழுத்தில் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

டீசல் எஞ்சின் பொதுவாக உறுதியானது. பழைய டீசலில் செலவு வைப்பது பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கும் புகை சுத்திகரிப்பு அமைப்புதான். துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். அது நெடுந்தூர ஓட்டத்தில்தான் வரும். வாரம் முழுக்க ஊருக்குள் சிறு தூரம் ஓடி, சனிக்கிழமை மட்டும் ட்ரெய்லரை இழுக்கும் வானில் வடிகட்டி அடைபடும். பாதியில் நின்ற சுத்திகரிப்பால் எஞ்சின் எண்ணெயில் டீசல் கலந்து, எண்ணெய் நீர்த்துப்போகும். எண்ணெய்க் குச்சியைப் பார்க்கும்போது அளவு கூடியிருந்தால் அது நல்ல செய்தி அல்ல. யூரோ 6 வாகனங்களில் அட்ப்ளூ என்ற 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல் வேறு. அது உறைவது −11 பாகையில். தொட்டி காலியானால் எஞ்சினை மறுபடி கிளப்ப முடியாது. பம்பிலும் ஊசியிலும் படிகம் படிந்தால் செலவு பெரிது.

குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒரு எஞ்சின் உண்டு. ட்ரான்ஸ்போர்ட்டர் டி5-இல் வந்த 180 குதிரைத்திறன் இரட்டை டர்போ 2.0 லிட்டர் எஞ்சினில், புகை மறுசுழற்சிக் குளிர்விப்பான் அரிக்கப்பட்டு, அந்தத் துகள்கள் சிலிண்டருக்குள் போய்ச் சுவரைத் தேய்த்து, எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது பரவலாக அறியப்பட்ட குறை. இழுவைக்கென்றே பலர் விரும்பியது இந்தச் சக்தி வாய்ந்த வகையைத்தான். அத்தகைய வான் கண்ணில் பட்டால் குளிர்விப்பான் மாற்றப்பட்ட ரசீதைக் கேளுங்கள், எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதையும் கேளுங்கள்.

வடிகட்டியைக் குடைந்து வெறும் குழாயாக்கி, மறுசுழற்சி வால்வை மூடி, அட்ப்ளூவை ஏமாற்றும் கருவி மாட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வாகனத்தின் இயக்க அனுமதியே போய்விடுகிறது. யூரோ 6 டீசல்களுக்கு 2023 ஜூலை 1 முதல் புகைப் பரிசோதனையில் துகள்களின் எண்ணிக்கை அளக்கப்படுகிறது. குடைந்த வடிகட்டி இப்போது அங்கே மாட்டிக்கொள்ளும்.

2015 செப்டம்பரில் வெளியான ஃபோல்க்ஸ்வாகன் புகை மோசடியும் இழுவை வாங்குபவரைத் தொடும். ஜேர்மனியில் திரும்ப அழைப்பு 2016 ஜனவரியில் தொடங்கியதே அமரோக்கில்தான். 2018-இல் மெர்செடிஸ் வீட்டோவின் 1.6 லிட்டர் டீசலையும் ஃப்ளென்ஸ்பூர்க்கிலுள்ள கூட்டாட்சி மோட்டார் வாகன அலுவலகம் திரும்ப அழைக்க உத்தரவிட்டது. கட்டாயத் திரும்ப அழைப்பைச் செய்யாத வாகனத்தை வீதியிலிருந்தே விலக்க முடியும். அந்த அலுவலகத்தின் திரும்ப அழைப்புத் தரவு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள். இழப்பீட்டைப் பொறுத்தவரை, 2020 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் ஃபோல்க்ஸ்வாகனைப் பொறுப்பாக்கியது உண்மை. ஆனால் மோசடி வெளியே தெரிந்த பிறகு அந்த மோசடி எஞ்சின் உள்ள வாகனத்தை வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை என்று அதே ஆண்டு ஜூலையில் சொல்லிவிட்டது. ஆகவே இன்று மலிவாகக் கிடைக்கும் பழைய அமரோக்கை அந்த இழப்பீட்டை நம்பி வாங்க முடியாது.

இழுக்கும் சக்தியை விளம்பரத்தில் தேடாதீர்கள். வாகனப் பதிவுச் சான்றின் முதல் பகுதியில் ஓ.1 என்ற கட்டத்தில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான எடையும், ஓ.2-இல் பிரேக் இல்லாததற்கான எடையும், 13-ஆம் கட்டத்தில் கொக்கியின் மேல் விழக்கூடிய எடையும் இருக்கும். ஒரே மாடலில் எஞ்சினும் கியர்பெட்டியும் மாறினால் இந்த எண்களும் மாறும். அடுத்தது சாரதி அனுமதி. பி வகுப்பில் 3.5 டன் வானுக்குப் பின்னால் 750 கிலோ வரையான ட்ரெய்லர்தான். பி96 பயிற்சி எடுத்தால் இரண்டும் சேர்ந்து 4.25 டன். பி.ஈ. எடுத்தால் ட்ரெய்லர் மட்டுமே 3.5 டன் வரை. எண்பதுகளில் வந்து பழைய 3-ஆம் வகுப்பு எடுத்த அப்பா ஓட்டிய ட்ரெய்லரை, இங்கே பிறந்த மகன் பி வகுப்போடு ஓட்டினால் அது அனுமதியின்றி வாகனம் ஓட்டிய குற்றமாகலாம். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரம் இங்கே குடியேறிய பின் 6 மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது. சரக்கு வாகனமாகப் பதிவான வான் அல்லது பிக்கப், எவ்வளவு சிறியதானாலும், ட்ரெய்லரோடு தொழில்முறைச் சரக்கை ஏற்றி ஞாயிறு, விடுமுறை நாட்களில் 0 மணி முதல் 22 மணி வரை ஓடக் கூடாது. அழுகக்கூடிய பழம், மரக்கறிக்கு விலக்கு உண்டு. மணவறைப் பலகைக்கும் சமையல் பாத்திரத்துக்கும் இல்லை. நம் விழாக்களும் கல்யாணங்களும் பெரும்பாலும் வார இறுதியில் என்பதால், வாகனம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்குச் சாலைக் கட்டணமும் உண்டு.

பராமரிப்பில் நான் வலியுறுத்துவது ஒன்றே. 30,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்ற நீண்டகால எண்ணெய் இடைவெளி, ட்ரெய்லர் இழுக்கும் வாகனத்துக்கு ஏற்றதல்ல. பாதி தூரத்திலேயே மாற்றுங்கள், ரசீதை வைத்திருங்கள். ட்ரெய்லரின் மோதல் பிரேக்கையும் டயரையும் மறக்க வேண்டாம். 100 கிலோமீட்டர் வேக அனுமதி உள்ள ட்ரெய்லரின் டயர் 6 ஆண்டைத் தாண்டினால் பழையபடி 80 தான்.

குறை வந்துவிட்டால் முதல் வேலை விற்றவருக்கு எழுத்தில் அறிவிப்பது. பலர் அவசரத்தில் தெரிந்தவரின் கராஜில் கொடுத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு பில்லை அனுப்புகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் கிடைக்காது. முதலில் சரிசெய்ய விற்றவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்பதுதான் சட்டம். அவர் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால் விலைக் குறைப்போ, ஒப்பந்த ரத்தோ, இழப்பீடோ கேட்கலாம். விற்றவர் வேறு ஊரில் இருந்தால் வாகனத்தைக் கொண்டுபோகும் செலவை அவரிடமிருந்து முன்பணமாகக் கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விற்பனையாளர் வாகனத் தொழில் சங்க உறுப்பினர் என்றால் அதன் சமரச மன்றத்துக்குப் போகலாம், நுகர்வோருக்குச் செலவில்லை. எல்லா மாநிலங்களிலும் நுகர்வோர் மையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றத்தில் சட்ட உதவிச் சான்று பெற்று, 15 யூரோவில் வழக்கறிஞரின் ஆலோசனை பெறலாம்.

வாங்கும் முன் ஏ.டி.ஏ.சி., ட்யூஃப், டெக்ரா போன்றவற்றில் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். ஒப்பந்தத்தை ஜேர்மன் மொழி நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். நுகர்வோராக ஒரு வணிகரிடமிருந்து இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உண்டு. விற்பவரின் கடையில் நேரில் கையெழுத்திட்டு, பணத்தை ரொக்கமாகக் கட்டிய ஒப்பந்தத்துக்கு அந்த உரிமை இல்லை.