உலகைக் கலக்கும் ஓங்கோல் மாடு... திருத்தணி விவசாயிக்கு ஏன் கைகொடுக்காது?

பிரேசிலில் 2023-ம் ஆண்டு நடந்த ஒரு மாட்டு ஏலம் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 'வியாட்டினா-19' என்ற வெள்ளைப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும் ஏலத்துக்கு வந்தது. அதற்குக் கிடைத்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால், முழு மாட்டின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் மேல். உலகிலேயே விலை உயர்ந்த மாடு என்று கின்னஸிலும் இடம்பிடித்தது.

அந்தப் பசுவின் இனம் 'நெலோர்'. பெயரைக் கேட்டதும் ஏதோ பொறி தட்டுகிறதா? ஆமாம், பக்கத்து மாநிலத்து நெல்லூர்தான். ஓங்கோல், நெல்லூர், குண்டூர் பகுதிகளில் உழவுக்கும் பாரம் இழுக்கவும் வளர்க்கப்பட்ட ஓங்கோல் மாடுகளை 19-ம் நூற்றாண்டிலிருந்தே பிரேசில்காரர்கள் கப்பலேற்றினார்கள். வெயில் தாங்கும், உண்ணிக்கு அசராது, சுமாரான புல்லிலேயே சதை போடும். இன்று பிரேசிலின் கறி மாடுகளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவைதான்.

அப்படியென்றால், ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம் இதே மாட்டைக் கறிக்காக வளர்த்து சம்பாதிக்கலாமே? சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் பண்ணை போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு வரும் கேள்விதான் இது. சுருக்கமான பதில்: முடியாது. குறை மாட்டில் இல்லை. சட்டமும் தீவனக் கணக்கும்தான் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958-ல் வந்தது. இதன்படி ஒரு மாட்டை அறுக்க வேண்டுமென்றால், அதற்கு 10 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்று அதிகாரியின் சான்றிதழும் வேண்டும். காயம், ஊனம், தீராத நோய் காரணமாக நிரந்தரமாகப் பயனற்றுப் போன மாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. எருமைக்கும் இதே சட்டம்தான். பசுவையும் கிடாரியையும் அறுவைக்கூடங்களில் அறுக்க 1976-ல் அரசாணை மூலம் தடை வந்தது.

எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று நகரி, புத்தூர் பக்கம் 1977-ம் ஆண்டின் ஆந்திரச் சட்டம் செல்லும். அங்கே பசுவுக்கும் கன்றுக்கும் தடை. காளை, எருதுக்குச் சான்றிதழ் வேண்டும்.

அந்த 10 வருஷம் என்ன செய்யும்?

பிரேசிலில் கறி மாடு பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டி அறுவைக்குப் போய்விடும். இங்கே 10 வயது வரை காத்திருந்தால் என்ன ஆகும்?

100 கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2.5 கிலோ தீவனம் வேண்டும். ஈரத்தைக் கழித்த உலர் எடையில் சொல்லும் கணக்கு இது. 400 கிலோ எடைக்கு வளர்ந்த ஒரு காளைக்குத் தினமும் 10 கிலோ. கன்றாக இருந்த காலத்தையும் சேர்த்தால், 10 வருஷத்தில் அது தின்பது ஏறக்குறைய 30 டன். கடைசியில் எலும்போடு கிடைக்கும் கறி சுமார் 200 கிலோ. அதாவது, ஒரு கிலோ கறிக்கு 150 கிலோ தீவனம். எந்த இனமாக இருந்தாலும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

அதனால்தான் தமிழ்நாட்டில் மாட்டுக்கறிக்கென்று தனிப் பண்ணைத் தொழில் வளரவில்லை. பாலுக்கும் உழவுக்கும் வளர்த்த மாடு, வயதான பிறகு சந்தைக்கு வருகிறது. அவ்வளவுதான்.

அப்போ எந்த மாடு?

திருத்தணிப் பக்கத்து வீட்டில் மூன்று வகை மாடுகளை யோசிக்கலாம்.

ஓங்கோல்: பசுவே 430, 450 கிலோ எடை வரும். தினமும் 11 கிலோ தீவனம் தின்னும். பால் சராசரியாக 3 லிட்டர் சொச்சம். டிராக்டர் வந்த பிறகு உழவு வேலையும் குறைந்துவிட்டது.

புங்கனூர்: பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தின் குட்டை மாடு. 150 கிலோ எடைக்கு 4 கிலோ தீவனம் போதும். வைக்கோல், வேர்க்கடலைக் கொடியிலேயே காலம் தள்ளும். பால் குறைவு. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி தன் வீட்டில் இந்த மாடுகளுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் பரவின. இப்போது லட்சங்களில் விலை சொல்கிறார்கள். விலை இறங்கினால் யார் தலையில் விழும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்சி கலப்பு: 350 கிலோ எடை, 9 கிலோ தீவனம். பச்சைத் தீவனமும் புண்ணாக்கும் ஒழுங்காகக் கொடுத்தால் 8, 10 லிட்டர் பால். தினமும் கையில் காசு வருவது இதில்தான். ஆனால் கோடையில் மூச்சு வாங்கும், மடிநோய் வரும், மருத்துவச் செலவு கூடும்.

காளைக்கன்று பிறந்தால்?

கலப்பின மாட்டில் நிஜமான தலைவலி இதுதான். ஜெர்சி கலப்புக் காளைக்கு நாட்டு மாடு போல திமில் இல்லை, வெயிலும் ஆகாது. ஏரில் பூட்ட யாரும் கேட்பதில்லை. வைத்திருந்தால் தீவனச் செலவு, விற்றால் சொற்பக் காசு.

இதற்கு ஒரு வழி, பாலினம் பிரித்த விந்தணு சினை ஊசி. சாதாரண ஊசியில் கிடாரிக்கும் காளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் 100 கன்றில் சுமார் 90 கிடாரியாகப் பிறக்கும். விலையும் சினை பிடிக்கும் வாய்ப்பும் எப்படி என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

பால் வற்றிய மாட்டின் விலையையும் மறக்கக் கூடாது. அந்தப் பணம்தான் அடுத்த கறவைக்கு முதல். 2017 மே மாதம், அறுவைக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது விவசாயிகள் பதறியது இதனால்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டித்தது.

கறிதான் நோக்கம் என்றால்?

அதற்குச் செம்மறி ஆடு இருக்கிறது. 10 வயது விதி ஆட்டுக்குக் கிடையாது. ஐந்து மாதச் சினை. குட்டியை ஒரு வருஷத்துக்குள் விற்றுவிடலாம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சொந்த இனமான மெட்ராஸ் சிவப்பு ஆட்டில் பெட்டை சுமார் 23 கிலோ வரும். எல்லைக்கு அப்பால் உள்ள நெல்லூர் ஆட்டில் 30 கிலோவைத் தொடும். உயரமான இனம், அதற்கேற்ப தீனியும் அதிகம். மேய்ச்சல் நிலம் குறைவாக இருந்தால் மெட்ராஸ் சிவப்பு, அறுவடை முடிந்த வயல்வெளி தாராளமாக இருந்தால் நெல்லூர் என்று யோசிக்கலாம்.

மாடோ ஆடோ, சந்தைக்குக் கிளம்பும் முன் மூன்று கேள்விகள்: வருஷம் முழுக்கத் தீவனம் வீட்டிலேயே கிடைக்குமா? ஆண் குட்டி பிறந்தால் என்ன செய்வது? வயதான பிறகு யார் வாங்குவார்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுக்கலாம்.