டிரெயிலரில் செல்லும் கால்நடைகளும் வீட்டுப் பிராணிகளும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், முற்காலத்தில் ஒரு குடும்பம் வேற்றூருக்குக் குடிபெயர நேர்ந்தால், சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கறவைப் பசுவை வண்டியின் பின்புறம் கட்டி நடத்திச் செல்வது வழக்கம். வீட்டு நாய், வண்டியின் அச்சுக்குக் கீழே நிழலில் நடந்து வரும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் செல்லும் வண்டிக்கு அம்முறை போதுமானதாயிருந்தது. பசு கால் தளர்ந்தால் கயிறு இறுகும். வண்டியோட்டி உடனே அறிந்து நிறுத்துவான்.

இன்று அதே குடும்பம் டிராக்டருக்குப் பின்னால் டிரெயிலரைப் பூட்டி, பசு, கன்று, ஆடு, நாய் ஆகிய அனைத்தையும் அதில் ஏற்றிச் செல்லுகிறது. வேகம் ஐந்து, ஆறு மடங்கு பெருகிவிட்டது. ஓட்டுகிறவரோ சாலையைப் பார்த்தபடி முன்னால் அமர்ந்திருக்கிறார். எஞ்சினின் சத்தத்தில் பின்னால் எழும் கதறல் அவர் காதில் விழுவதில்லை. டிரெயிலரில் பிராணிகளுக்கு நேரும் அபாயங்களுக்கு மூலகாரணம் இதுவே. பின்வண்டியில் இருப்பதன் துன்பம் முன்வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே, செய்யவேண்டிய ஏற்பாடுகள் யாவும் புறப்படுமுன் செய்யப்படவேண்டும். வழியில் அடிக்கடி நிறுத்திப் பார்க்கவும் வேண்டும்.

மேலை நாடுகளில், படுக்கையும் அடுப்பும் அமைந்த வீட்டு டிரெயிலரைக் காருக்குப் பின்னால் இணைத்துக்கொண்டு, குடும்பத்தோடும் நாயோடும் யாத்திரை செல்வோர் பலர் உளர். அவர்களுக்கும் முதலில் சொல்லப்படும் புத்திமதி, நாயைப் பின்வண்டியில் விடாமல் தம்முடன் காரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். மெத்தையும் ஜன்னலும் உள்ள வண்டிக்கே இந்த எச்சரிக்கை வேண்டியிருக்கிறதென்றால், இரும்புத் தகடு அடித்த நம் டிரெயிலருக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டிரெயிலரின் இயல்பு

நெல் மூட்டை வைத்த இடத்தில் இருக்கும், மாடு அப்படியன்று. முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்த எடை முழுவதும் அப்பக்கத்துச் சக்கரத்தின்மேல் விழும். ஒற்றை அச்சு டிரெயிலரில் பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால், இணைப்புக் கம்பி மேலே தூக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறையும். வண்டியும் இடவலமாக ஆடும். ஆதலால் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும்படி மாடுகளை நிறுத்துக. பல விவசாய டிரெயிலர்களுக்குத் தனிப் பிரேக் கிடையாது. டிராக்டரைத் திடீரென்று நிறுத்தினால் டிரெயிலர் பின்னாலிருந்து தள்ளும். மாடுகள் முன்பலகையில் மோதி முழங்கால் உடைந்துபோகும். இணைப்பு ஆணியும் அதன் பூட்டும் உறுதியாக உள்ளனவா என்று கையால் அசைத்துப் பார்ப்பதோடு, பாதுகாப்புச் சங்கிலி ஒன்றையும் தனியாகப் பூட்டுதல் அவசியம்.

எத்தனை பிராணிகள் ஏற்றலாம்?

கால்நடைகளை ஏற்றும் மோட்டார் வாகனங்களுக்கென 2016-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் அமலில் உள்ள மத்திய சர்க்கார் விதியின்படி, பசுவுக்கோ எருமைக்கோ தலைக்கு 2 சதுர மீட்டரும், வெள்ளாடு, செம்மறியாடுகளுக்குத் தலைக்கு 0.3 சதுர மீட்டரும் இடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தடுப்பும் வேண்டும். நம் டிரெயிலருக்கும் இதையே அளவாகக் கொள்வது நன்று. 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள டிரெயிலரின் தளம் சுமார் 5.6 சதுர மீட்டர் ஆகும். அதில் இரண்டு பசுக்கள் நிற்கலாம், மூன்றாவதற்கு இடமில்லை. “இன்னொன்றையும் நெருக்கி ஏற்றினால் ஒரு நடை மிச்சம்” என்று எண்ணுவோர், கீழே விழுந்த மாட்டை மற்றவை மிதித்துவிட்டால் மிச்சமாவது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். கன்றைத் தாய் பார்க்கும்படி, ஆனால் தனித்தடுப்பில், நிறுத்துக.

1978-ஆம் வருஷத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிகளும் குடியானவர்கள் அறியத்தக்கவை. அவற்றின்படி, ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்குமேல் ஏற்றலாகாது. தளத்தில் கால் வழுக்காமலிருக்கத் தென்னைநார்ப் பாயோ மரப்பலகையோ இடவேண்டும். மாடுகளுடன் வேறு சரக்கு ஏற்றலாகாது. மாடுகள் எஞ்சின் இருக்கும் திசையை நோக்கி நிற்பது விரும்பத்தக்கது. பிராணிகள் பிரயாணத்துக்குத் தகுதியுள்ளவை என்னும் மிருக வைத்தியரின் சான்றும் வேண்டும். இரும்புத் தகட்டின்மேல் சாணமும் மூத்திரமும் சேர்ந்தால் மாட்டுக்கு நிற்கவே இயலாது. பாயின்மேல் மணல் தூவி, அதன்மேல் வைக்கோல் பரப்பினால் ஈரம் உறிஞ்சப்படும்.

கட்டும் முறை

மூக்கணாங்கயிற்றைக் கொண்டு கட்டுதல் கூடவே கூடாது. ஒரு குலுக்கலில் மூக்குக் கிழிந்துவிடும். கழுத்துக் கயிற்றையும் முகக்கயிற்றையும் சேர்த்து, தலை இயல்பான உயரத்தில் நிற்கும்படி கட்டுக. கயிறு மிக நீண்டால் மாடு அதில் காலை மாட்டிக்கொள்ளும். மிகக் குறுகினால் தடுமாறும்போது கழுத்து நெரியும். முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாக இருக்கவேண்டும். அரிவாள் ஒன்று ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நாய், பூனை, கோழி

நாயைச் சங்கிலியால் டிரெயிலரின் பக்கப்பலகையில் கட்டுவது பலருடைய வழக்கம். இதைப்போல் அபாயமானது வேறில்லை. வழியில் எதையேனும் கண்டு நாய் பலகையைத் தாண்டிக் குதித்தால், சங்கிலியில் தொங்கி உயிரை விடும். முன்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நாயை மனிதரோடு வேறு வாகனத்தில் அழைத்துச் செல்வதே முறை. காரில் சென்றால் மார்புப் பட்டை மாட்டிப் பின்னிருக்கையில் கட்டலாம், அல்லது கூண்டில் விடலாம். வேறு வழியே இல்லாவிடில், காற்றோட்டமுள்ள கூண்டில் அடைத்து, டிரெயிலரின் முன்பக்கத்தில், மாட்டின் கால் எட்டாதபடி தனித்தடுப்புக்குள், அக்கூண்டை அசையாமல் கட்டுக. பூனைக்கு மூடியுள்ள பிரம்புக் கூடையும், கோழிக்கு அடிப்பலகையும் நிழலும் உள்ள கூண்டும் ஏற்றவை.

மேற்சொன்ன விதிகள் நாய், பூனைகளுக்கும் ஒழுங்கு கூறுகின்றன. நெடுந்தூரப் பிரயாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அவற்றுக்கு உணவும் தண்ணீரும் தரவேண்டும். வழியில் கோடையில் நான்கு மணிக்கொரு முறையும், குளிர்காலத்தில் ஆறு மணிக்கொரு முறையும் தண்ணீர் வைக்கவேண்டும். வளர்ந்தவற்றுக்குப் பன்னிரண்டு மணிக்கொரு முறையும், குட்டிகளுக்கு நான்கு மணிக்கொரு முறையும் உணவு தரவேண்டும். நிறைகர்ப்பமானவற்றைக் கொண்டு செல்லலாகாது. வெறிநோய்த் தடுப்பூசி முன்னமே போட்டிருக்கவேண்டும். கழுத்துப் பட்டையில் உரிமையாளரின் தொலைபேசி எண்ணை எழுதிவைத்தால், வழிதவறிய நாய் வீடு திரும்ப வழியுண்டு.

வெயில்

நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைப்பதனாலேயே அது பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்ளுகிறது. வெயிலில் நிறுத்தி மூடிய காரின் உள்ளே, பத்து நிமிஷத்தில் சூடு ஏறக்குறைய 10 டிகிரி உயரக்கூடும். ஆதலால், “டீ குடித்து வருமளவும் இருக்கட்டும்” என்று நாயைப் பூட்டிச் செல்லற்க. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருமாறு புறப்படுக. டிரெயிலரின்மேல் கீற்றுப் பந்தல் போட்டுப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுக; தார்ப்பாயினால் முழுவதும் மூடுவது தவறு. கறவைப் பசுவைப் பால் கறந்த பின்னரே ஏற்றுக. தீவனம் குறைவாகவும் தண்ணீர் போதுமான அளவும் தருக. ஈனும் தருணத்திலுள்ள பசுவை, உயிர்காக்கும் அவசியமிருந்தாலன்றி, ஏற்றுதல் தகாது.

சாலையில்

பெங்களூர் நெடுஞ்சாலையிலும், நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாகச் செல்லும் வெளிவட்டச் சாலையிலும் கனரக லாரிகள் கடுவேகத்தில் செல்லுகின்றன. டிராக்டருக்கு அணுகுசாலையே ஏற்றது. வளைவில் டிரெயிலரின் சக்கரம் டிராக்டரின் தடத்துக்கு உட்புறமாகச் செல்லும் என்பதை நினைவிற் கொண்டு அகலமாகத் திருப்புக. முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒரு தடவையும், பின்னர் மணிக்கொரு தடவையும் நிழலில் நிறுத்தி, கயிறு, இணைப்பு ஆணி, மாட்டின் நிலை ஆகிய மூன்றையும் பார்க்க. பிராணிகளுக்கென ஓர் ஆள் உடன்வர வேண்டும் என்பதும் விதி. அவரை இணைப்புக் கம்பியின்மீதோ பக்கப்பலகையின்மீதோ உட்கார வைக்காமல், மோட்டார் சைக்கிளில் பின்தொடரச் செய்தால், டிரெயிலருக்கு ஒரு கண் கிடைத்ததாகும்.

ஐப்பசிக்கு முன்

இவை யாவும் குடிபெயர்வோர்க்கு மாத்திரம் உரியவை அல்ல. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து மிக்ஜாம் புயலில் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகளிலும் தண்ணீர் புகுந்தது. இத்தகைய இரவில், அதற்குமுன் ஒருபோதும் டிரெயிலரில் ஏறியிராத மாட்டை, இருட்டிலும் மழையிலும் ஏற்ற முடியாது. அது மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அல்லது தொழுவத்திலேயே நின்று மடியும்.

எனவே ஐப்பசி பிறக்குமுன், சரிவுப் பலகை ஒன்று செய்துவைத்து, வாரம் இருமுறை சிறிது தவிடு காட்டி மாட்டை ஏறி இறங்கப் பழக்குக. நாயையும் கூண்டில் உண்டு உறங்கப் பழக்குக. கயிறு, பாய், கூண்டு, தண்ணீர்க் குடம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்க. சாலையின் விளிம்பு தெரியாத வெள்ளத்தில் டிரெயிலரை இறக்கற்க. தண்ணீர் வருமுன்னரே புறப்படுக. ஏற்ற முடியாது போனால், கட்டை அவிழ்த்து மேட்டுப்பக்கம் விரட்டுக. கட்டுத்தறியில் விட்டுச் செல்லற்க. காயமோ நோயோ நேரின், 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை வைத்திய ஊர்தியை அழைக்கலாம்.

ஒரு கறவைப் பசு ஒரு சிறு குடியானவரின் அன்றாட வருமானம். நாய் அவருடைய இராக் காவல். சரிவுப் பலகைக்கும் பாய்க்கும் ஆகும் செலவு, பசுவின் விலையில் மிகச் சிறு பங்கேயாகும். வாயில்லாப் பிராணி “நிறுத்து” என்று சொல்லமாட்டாது. ஓட்டுகிறவர்தாம் தாமே நிறுத்திப் பார்க்கவேண்டும்.